இல்லை எனில் கேள்வி ஒன்பதுக்குச் செல்க

எங்கள் கழகத்தின் பெயர்ப்பலகை, அது மாட்டப்பட வேண்டிய சுவரைவிட நீளமாக வந்து சேர்ந்தது. 'சூதாட்டம் மற்றும் தற்கொலைத் தடுப்பு ஆராய்ச்சிக் கழகம்' என்பது பெயர். அடையாற்றில் வாடகைக்குப் பிடித்த பழைய பங்களா. முன்சுவர் பத்தடிக்கு மேல் இல்லை. "அறிவியல் தடைகளைக் கண்டு அஞ்சுவதில்லை" என்றார் இயக்குநர் டாக்டர் அய்யாதுரை. பலகையை இரண்டாக அறுத்து, மீதியைச் சந்துக்குள் திரும்பும் சுவரில் அடித்தோம். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு 'சூதாட்டம் மற்றும் தற்கொலை' என்பது வரை தெரியும். 'த் தடுப்பு ஆராய்ச்சிக் கழகம்' சந்துக்குள், குப்பைத்தொட்டிக்கு மேலே இருந்தது.

முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் என் மேஜைமேல் குனிந்து, ரகசியமாக, "உள்ள டேபிள் காலி கீதா நைனா?" என்று கேட்டார்.

"எந்த டேபிள்?"

"ரம்மியோ மூணு சீட்டோ, எதுவா இருந்தாலும் சரி."

நான் எடை பார்க்கும் மெஷினைக் காட்டினேன். மூவரும் போய்விட்டார்கள். முதல் காலாண்டு அறிக்கையில், 'பொதுமக்கள் தாமாகவே முன்வந்து கழகத்தை நாடுகின்றனர்' என்று ஒரு வரி இடம்பெற்றது.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். என் பெயர் ஜவஹர். வயது இருபத்திரண்டு, உத்தியோகம் கள உதவியாளர், தற்காலிகம். பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. உயிர்களைக் காப்பாற்றும் வேலை, அதற்குச் சம்பளம் வேறு. வாலாஜாவிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையில் குடியேறினேன். புதுப் பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டேன். எத்தனை உயிர்கள் வரும், எவ்வளவு மை செலவாகும் என்று தெரியாது அல்லவா.

வந்தவை நாற்பது. பரிசுச் சீட்டு, குதிரை, மூணு சீட்டு என்று ஆடித் தோற்று, வாழ்க்கையே வேண்டாம் என்ற இடத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் பேட்டைகளிலிருந்தும் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர்தான் கபாலி. மந்தைவெளியில் இஸ்திரி வண்டி. ஐம்பது வயதிருக்கும். 'போய்ச் சேர்ந்துடலாம்' என்று ஒருமுறை முடிவெடுத்தவரை அக்கம்பக்கத்துக்காரர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். நான்தான் அவருக்குப் பாரம் பூர்த்தி செய்தேன். ஒன்பது கேள்விகள். ஒன்பதாவது: 'தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவரின் பெயர், முகவரி, உறவு.'

"சம்சாரம் பேரு தேவானை" என்றார் கபாலி. "வியாசர்பாடில அவ அண்ணன் வூட்டாண்ட கீறா."

"கதவு நம்பர்?"

"நம்பர் குட்த்தா நான் வந்துடுவேன்னுதான் குடுக்காம பூட்டா."

காலியாக விடலாமா என்று புள்ளிவிவர அதிகாரி மீனாட்சி அம்மாளைக் கேட்டேன். மயிலாப்பூரிலிருந்து டிபன் கேரியரோடும் மடக்குக் குடையோடும் வருபவர். "காலியா விடப்படாதுப்பா. 'பொருந்தாது'ன்னு எழுதிடு" என்றார். எழுதினேன். புதுப் பேனாவின் முதல் வேலை அதுதான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தொடக்க விழா. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த இசக்கிமுத்து அண்ணாச்சி எங்கள் புரவலர். அவர் கடை தீபாவளிக் குலுக்கலுக்குப் பயன்படும் பெரிய தகர உருளையை லாரியில் அனுப்பியிருந்தார். "சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு இங்கன உருளட்டும்வே. கடை பேரு மட்டும் சனங்க பக்கமா இருக்கணும், பாத்துக்கிடுங்க" என்று என்னிடம் சொன்னார். கடை பெயரை மக்கள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பர்களே, அதிர்ஷ்டம் என்பது அறியாமையின் குழந்தை. குலுக்கலை நம்பி வாழ்வை இழந்தவர்கள் நீங்கள். ஆகவே, உங்களில் யாருக்கு உதவுவது, யாருக்கு உதவாமலிருப்பது என்ற முடிவை எங்கள் விருப்பு வெறுப்புக்கு விடாமல் முற்றிலும் விஞ்ஞான முறைக்கு விட்டிருக்கிறோம். இப்போது குலுக்கல் நடைபெறும்."

உருளைக்குள் நாற்பது வில்லைகள். சிவப்பு இருபது, வெள்ளை இருபது. சிவப்பு எடுத்தவர்களுக்கு வாராவாரம் ஆறுதல். 'ஆறுதல்' என்பதுதான் கையேட்டில் இருந்த சொல். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு குழு எட்டு மாதம் கூடியிருந்தது. வெள்ளை எடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் வாராவாரம் வந்து எடை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

உருளை சுற்ற ஆரம்பித்ததும் நாற்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் வலது கையை முகத்தில் தடவிவிட்டு உள்ளே விட்டார். கபாலி வரும்போது உருளையின் மேலிருந்த கடை பெயரை எழுத்தெண்ணிப் பார்த்துவிட்டு எடுத்தார். வெள்ளை.

"இதுலியும் நமுக்கு உளுவலையா" என்றார், யாரிடமும் சொல்லாமல். பிறகு இயக்குநரைப் பார்த்து, "ஆறுதல் பரிசு எதுனா கீதா சார்?"

"வெள்ளைக்கு ஆறுதல் கிடையாது" என்றார் இயக்குநர் கனிவோடு. "ஆனால் கவலைப்படாதீர்கள். உங்களுக்கு எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகிறது என்பதை நாங்கள் மிகுந்த அக்கறையோடு கவனிப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் எனக்குப் பயிற்சி. வெள்ளை வில்லைக்காரர்களிடம் அச்சடித்த கேள்விகளைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாங்க என்று சொல்லக் கூடாது. போய் வாங்க என்றும் சொல்லக் கூடாது. அதில் நம்பிக்கை தொனிக்கிறது. சிரிக்கக் கூடாது. கையேட்டில், 'முகபாவம் நடுநிலையாக இருத்தல் வேண்டும்' என்று இருந்தது.

"என்னைக் கவனி" என்றார் இயக்குநர். கவனித்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கோ அதைக் கண்ணாடியின் முன்னால் நின்று மூன்று நாள் பழக வேண்டியிருந்தது.

பழகியதும் ஒரு விஷயம் தெரிந்தது. ராயப்பேட்டையில் அந்த முகத்தோடு மெஸ்ஸுக்குப் போனேன், மார்க்கெட்டுக்குப் போனேன், படிக்குக் கீழே உட்கார்ந்து, ஏறி இறங்குபவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆய்வு மனப்பான்மையில், ஆறு நாள் நான் பேசிய வார்த்தைகளைக் குறித்து வைத்தேன். 'ஒரு சாப்பாடு', ஆறு தடவை. 'ராயப்பேட்டை ஒண்ணு', ஐந்து. 'சில்லறை இல்லைங்க', இரண்டு. ஒருநாள் ஒரு கிழவர் என் தோளைத் தட்டினார். திரும்பினேன். "நீ இல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பெஞ்சில் வெள்ளை வில்லைக்காரர்கள். முதலில் கபாலியைக் கூப்பிட்டேன். கேள்விகளை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும்; ஓர் எழுத்து மாறக் கூடாது.

"கேள்வி ஒன்று. உயிருடன் உள்ளாரா?"

கபாலி திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"யாரு சார்?"

கையேட்டின்படி விளக்கம் சொல்லக் கூடாது. "உயிருடன் உள்ளாரா?" என்று மறுபடியும் படித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "கீறாரு" என்றார் கடைசியில்.

'ஆம்' என்று வட்டம் போட்டேன். இரண்டு முதல் எட்டு வரை சிவப்பு வில்லைக்காரர்களுக்கு மட்டும். முதல் கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில், 'இல்லை எனில் கேள்வி 9-க்குச் செல்க' என்றிருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லாதபோது இந்தக் கேள்வியை யாரிடம் படிப்பது என்று நான் கேட்டிருந்தேன். "அது இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்திருந்தது.

எடை நாற்பத்தாறு கிலோ. நடுநிலையான முகத்தோடு எழுதிக்கொண்டேன். அவர் போகிறேன் என்பதுபோல் கையைத் தூக்கினார். நான் மெஷினைப் பார்த்தேன்.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனால் அங்கே அவர் நிற்கிறார். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அமீனா பீயின் டீக்கடை. கையேடு எனக்கு மனப்பாடம். பேசக் கூடாது என்ற விதி பதினான்கில், 'கழக வளாகத்தினுள்' என்றுதான் இருந்தது. டீக்கடை வளாகத்துக்கு வெளியே.

"டீ சாப்பிடறீங்களா?" என்றேன்.

கபாலி மறுபடியும் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இன்னா சார், பேசுறே. நீ ஊமைன்னு நெனச்சேன். அந்த ஒரு கேள்வி மட்டும்தான் வரும் போல, பாவம்னு நெனச்சேன்."

"உள்ள ரூல். உங்ககிட்ட பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது."

"நான் இன்னா பண்ணேன்?"

"வெள்ளை வில்லை எடுத்தீங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே அதை யோசித்தார். "அப்ப நம்மளாண்ட யாரும் பேசாம வுட்டா நாம இன்னா ஆவோம்னு பாக்குறாங்க."

"ஆமா."

"அத்தத்தான் நான் ஒரு வருசமா வூட்ல பாத்துக்கினு கீறேனே சார். என்னைக் கேட்டா ஒரே நிமிசத்துல சொல்லிட்டுப் போறேன். இதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு மெசினு."

அமீனா பீ உள்ளே இருந்து, "அரே, எனுக்கும் அந்தப் போர்டு புரியலை. சூதாட்டம், தற்கொலைன்னு பெருசா போட்டு வெச்சிருக்கானுங்க. நான் ரெண்டும் உள்ள நடக்குதுன்னு பயந்துக்கினு இருந்தேன்" என்றார்.

"ஒண்ணும் நடக்கலைங்க" என்றேன் நான்.

"ஒண்ணுமேவா?" என்றார் அவர், நம்பாமல்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உள்ளே ஒரே ஒரு கேள்வி, வெளியே ஒரு டீ. கபாலிதான் பேசுவார். அவருக்குச் சீட்டு நம்பர் கிடைத்த இடம் சட்டைக் காலர். லாண்டரிக்காரர்கள் காலரின் உள்பக்கம் அழியாத மையால் நம்பர் போட்டிருப்பார்கள். அதே நம்பரில் முடியும் பரிசுச் சீட்டைத் தேடி ஊரெல்லாம் அலைவார்.

"ஒரு தபா ஒரு வக்கீல் சொக்காய்ல மூணு ஏழு. அத்தப் பாத்தேன் சார். வண்டிய அப்டியே வுட்டுட்டு மாம்பலம் வரிக்கும் நடந்தேன். நம்பர் கெட்சிது. வூட்டுக்கு வந்தா தேவானை இல்ல. அவ துணி இல்ல. ஏனம் இல்ல. இஸ்திரிப் பொட்டிய மட்டும் வெச்சுட்டுப் பூட்டிருந்தா. தொட்டுப் பாத்தா சூடா இருந்துச்சு. நான் பாதில வுட்டுட்டுப் போன வேலைய அவ முட்சிட்டுப் போயிருக்கா."

"நம்பர் விழுந்துச்சா?"

"எங்க. வக்கீலு வந்து சொக்காயக் கேட்டாரு, அதான் மிச்சம்."

நானும் பேசினேன். வாலாஜாவைப் பற்றி, செருப்புகளைப் பற்றி, தோளைத் தட்டிய கிழவரைப் பற்றி. கபாலி அந்தக் கிழவர் கதைக்கு ரொம்ப நேரம் சிரித்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் என் தோளைத் தட்டி, "நீதான்" என்பார்.

இப்படி நான்கு மாதம் போனபோது ஒருநாள் கேட்டார். "அந்த ஒம்பதாவது கேள்வி இன்னா சார்? ஒரு நாளும் கேக்க மாட்டேன்றியே."

"முதல் கேள்விக்கு இல்லைன்னு வந்தாதான் அங்க போகணும். யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேள்வி."

"நமுக்கு இன்னா எயுதி கீது?"

நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பொருந்தாதுன்னு."

"அப்டின்னா?"

"யாரும் இல்லைன்னு."

அவர் மீதி டீயைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "போன மாசம் ஒரு திங்கக்கெயம மன்சு ரொம்ப பேஜாராப் பூட்ச்சு சார். சரி, போதும்னு தோணிச்சு. அப்பால நெனச்சேன். நாளிக்குக் காலைல அந்தப் புள்ள காயிதத்த வெச்சுக்கினு குந்திக்கினு இருக்கும். நாம போவலேன்னா அது ஒம்பதுக்குப் போவணும். எதுக்கு அதுக்கு அந்த வேலை. போய் மூஞ்சியக் காட்டிட்டு வந்துர்லாம்னு வந்தேன்."

அவருக்கு இன்னொரு டீ சொன்னேன். வளாகத்துக்கு வெளியேதான் இருந்தோம், விதி எதுவும் தடுக்கவில்லை.

மற்ற வெள்ளை வில்லைக்காரர்களும் ஒவ்வொருவராக டீக்கடைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் நின்றார்கள். பிறகு அமீனா பீ ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். டீயில் பொறை பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டு இருபது பேர் சண்டை போட்டார்கள், மழையைப் பற்றி, மருமகளைப் பற்றி, குதிரைகளின் நன்றியில்லாத குணத்தைப் பற்றி. ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் கபாலி வீடு தேடிப் போய்த் தட்டி, கதவைத் திறந்தவரிடம், "உயிருடன் உள்ளாரா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

இந்தச் சமயத்தில் உள்ளே, சிவப்பு வில்லைக்காரர்களுக்கு ஆறுதல் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்களை மூடி, விளக்கை அணைத்து, திரையில் படம் காட்டி, சூதின் பதினெட்டுத் தீமைகளை இயக்குநர் ஒன்றரை மணி நேரம் விளக்குவார். ஐந்தாவது தீமைக்குள் பாதிப் பேர் இருட்டில் எழுந்து போய்விடுவார்கள். இருபது பேர் பன்னிரண்டானார்கள், எட்டானார்கள். அடுத்த வாரம் எத்தனை பேர் வருவார்கள் என்று ஆபீஸில் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். பந்தயம் என்று சொல்லக் கூடாது. 'முன்கணிப்பு'. தோற்றவர் மற்றவர்களுக்குக் காபி வாங்கித் தர வேண்டும்.

"நான் அஞ்சுன்னு போட்டிருக்கேன்" என்றார் மீனாட்சி அம்மாள், ஒரு காகிதத்தை ஃபைலுக்குள் சொருகிக்கொண்டே. "டைரக்டர் நாலுன்னு போட்டிருக்கார். ஆத்துல சொல்லிடாதேப்பா, எங்காத்துக்காரர் சீட்டுக்கட்டைக் கையால தொடவே விட மாட்டார்."

அந்த வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். இயக்குநரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து மூன்று பேர் மட்டும் கடைசி வரை தவறாமல் வந்தார்கள். பின்வரிசையில், இருட்டில், படம் காட்டும் விளக்கின் வெளிச்சத்தில் அவர்கள் மூணு சீட்டு ஆடிக்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அவர்கள் முதல் வாரம் டேபிள் கேட்டுவிட்டுப் போனவர்களேதான்; பிறகு எங்கோ ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிக்கொண்டு சேர்ந்திருந்தார்கள். டேபிள் கிடைத்துவிட்டது.

ஆண்டு நிறைவு விழா தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உருளைக்கு மாலை போட்டிருந்தார்கள். இசக்கிமுத்து அண்ணாச்சி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வில்லைக்காரர்கள் இருபது பேரையும் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கபாலி நல்ல சட்டை போட்டிருந்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இயக்குநர் பேசினார்.

"ஆறுதல் பெற்ற இருபது பேரில் பதினேழு பேர் ஆறுதலைத் தாங்க முடியாமல் விலகிவிட்டனர். ஆறுதல் பெறாத இருபது பேரும் ஒருவர்கூடக் குறையாமல் உயிருடன் உள்ளனர். பெரும்பாலோர் சூதை விட்டுவிட்டனர். சராசரியாக மூன்று கிலோ எடையும் கூடியிருக்கிறது. ஆறுதல் கூறாமையே ஆறுதல்களுள் தலைசிறந்தது என்று நம் கழகம் முதன்முதலாக நிரூபித்திருக்கிறது. இதோ, இவரைப் பாருங்கள்."

கபாலியை மேடைக்கு அழைத்தார்கள்.

"இந்த மனிதரிடம் ஓராண்டாக எங்களில் எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு நலமாக இருக்கிறார் பாருங்கள். ஐயா, நீங்களே சொல்லுங்கள். யாராவது உங்களிடம் பேசினார்களா?"

கபாலி ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். என் உத்தியோகம் தற்காலிகம் என்பது அவருக்குத் தெரியும்.

"இல்ல சார்" என்றார். "யாரும் ஒண்ணியும் பேசலை."

பலத்த கைதட்டல். அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

"ஆகவே இரண்டாம் கட்டத்துக்குச் செல்கிறோம்" என்றார் இயக்குநர். "நன்கு சிந்தித்துப் பார்த்ததில், வாரந்தோறும் கேட்கப்படும் அந்த முதல் கேள்வியும் ஒருவகைப் பேச்சே என்று தெரியவந்துள்ளது. அதையும் நீக்குகிறோம். வரும் செவ்வாய் முதல் வெள்ளை வில்லைக்காரர்கள் வர வேண்டியதில்லை. மனம் நொந்தவர்களிடம் எவரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் பரிந்துரை அனுப்பவிருக்கிறோம்."

கபாலி துண்டோடு மேடையில் அப்படியே நின்றார். கையால் எதையோ எண்ணுவதுபோல இருந்தது. செவ்வாய், புதன், வியாழன்.

நான் எழுந்து, இல்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன், நாலடி முன்னால் வந்தேன்.

"சார், நான் பேசினேன்."

"எப்போது?"

"செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்?"

"எல்லா செவ்வாயும் சார். டீக்கடையில. இருபது பேர்கிட்டயும். அவங்களும் பேசிக்கிட்டாங்க. எடை கூடினது பொறையாலங்க."

இசக்கிமுத்து அண்ணாச்சி முன்னால் சாய்ந்தார். "அப்பம் இவன் பேசினதாலதான் இவுக பொழைச்சிருக்காவ. நல்ல சேதிதானவே, டாக்டரே?"

"நல்ல செய்திதான் ஐயா" என்றார் இயக்குநர். "ஆனால் அது எங்களுடைய செய்தி இல்லை."

மறுநாள் எனக்குக் கடைசி நாள். போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. இருபது பேரும் பேச்சால் கறைபட்டவர்கள் ஆகிவிட்டார்கள். ஆய்விலிருந்து நீக்க வேண்டும். நீக்குவதும் அந்தப் பழைய பாரத்தில்தான். மறுபடியும் முதல் கேள்வி: 'உயிருடன் உள்ளாரா?'

"இதுக்கு என்ன எழுதறது?" என்று மீனாட்சி அம்மாளைக் கேட்டேன்.

"ஆம்னு போட்டா ஆய்வுல இருக்கான்னு ஆயிடும். 'இல்லை'ன்னுதான் போடணும்." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. டிபன் கேரியரைத் திறந்து, மூடினார். "நீ நல்லதுதான் பண்ணினேன்னு நேக்குத் தெரியறது. ஆனா நல்லதுன்னு ஒரு கட்டம் ஃபாரத்துல இல்லையேப்பா."

இருபது பேருக்கும் 'இல்லை' என்று வட்டம் போட்டேன். இல்லை எனில் கேள்வி ஒன்பதுக்குச் செல்ல வேண்டும். சென்றேன். பத்தொன்பது பேருக்கு யாராவது ஒருவர் பெயர் இருந்தது. கபாலியின் பாரத்தில் என் கையெழுத்திலேயே 'பொருந்தாது'. அதை அடித்தேன். பக்கத்தில் என் பெயரையும் ராயப்பேட்டை முகவரியையும் எழுதினேன். 'உறவு' என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அதைக் காலியாக விட்டேன்.

திங்கட்கிழமை படிக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. அந்த அறைக்கு எனக்கு வந்த முதல் கடிதம். அச்சடித்தது, காலி இடங்களை மட்டும் டைப் அடித்திருந்தார்கள்.

'அன்புடையீர், தங்கள் திரு. கபாலி அவர்கள் உயிருடன் இல்லை என்பதை வருத்தத்துடன் அறிவிக்கிறோம். இத்தருணத்தில் தங்களுக்கு எமது ஆழ்ந்த ஆறுதல். குறிப்பு: அன்னாரிடம் உள்ள வெள்ளை வில்லையை உடன் திருப்பி அனுப்புக.'

அது வெறும் பாரம் என்று எனக்குத் தெரியும். நானே வட்டம் போட்டது. இருந்தாலும், அன்று திங்கட்கிழமை. அவர் சொன்ன அந்தத் திங்கட்கிழமையும் நினைவுக்கு வந்தது. கேட்பதற்கு மறுநாள் யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மந்தைவெளிக்கு ஓடினேன். இஸ்திரி வண்டி பூட்டிக் கிடந்தது. பக்கத்து வெற்றிலைபாக்குக் கடைக்காரர், "காலைலருந்தே ஆளக் காணோம்" என்றார். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "உயிருடன்" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திவிட்டு மறுபடியும் தட்டினேன். பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே அமீனா பீ கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கையில் கடிதம். இரண்டு வெள்ளை வில்லைக்காரர்கள் பழக்கதோஷத்தில் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பத்து மணி ஆனது. மயிலாப்பூர் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கியவர்களை எண்ணினேன். பத்தரை. பதினொன்று.

"ஒக்காந்துக்கினே இரு பேட்டா" என்றார் அமீனா பீ. "பஸ்ஸு இன்னும் நெறைய வரும்." ஆனால் அவரும் அடுப்பைப் பார்க்காமல் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்கு யாரோ என் தோளைத் தட்டினார்கள். நான் திரும்பவில்லை.

"நீதான்" என்றது குரல்.

கபாலி பஸ் வரும் பக்கமிருந்து வரவில்லை. கழகத்தின் கேட்டிலிருந்து வந்திருந்தார்.

"ஒம்போதுக்கு முன்னாலியே உள்ள போய் பெஞ்சுல குந்திக்கினேன். ரெண்டு மண்ணேரம். யாரும் ஒண்ணியும் கேக்கலை. அந்த மயிலாப்பூரு அம்மா மட்டும் வந்து, நீங்க ஆய்வுல இல்லையேன்னாங்க. அப்ப நான் எங்க கீறேன்மான்னு கேட்டேன். அவுங்க கண்ணு கலங்கிச்சு. உள்ள பூட்டாங்க."

"நேத்து எங்க போனீங்க?" என் குரல் சண்டைக்குப் போவதுபோல வந்தது.

"வியாசர்பாடி. தெருத்தெருவா தேவானை அண்ணன் பேரக் கேட்டுக்கினு நடந்தேன்."

"கிடைச்சாங்களா?"

"இல்ல. பெரிய ஊரு அது." அவர் பலகையில் உட்கார்ந்தார். "நம்பர் இல்லாம தேடுறது இதான் மொதல் தபா."

கடிதத்தை நீட்டினேன். எழுத்துக்கூட்டி மெல்லப் படித்தார். 'இல்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். அதற்கு அடுத்த வரியில் அதைவிட நேரம் நின்றார்.

"ஆறுதல் குட்துட்டாங்களே" என்றார்.

"எனக்குத்தான் கொடுத்திருக்காங்க."

"உனுக்காவது உளுந்துச்சே." ஜேபியிலிருந்து வெள்ளை வில்லையை எடுத்தார். "இத்தக் கேக்குறாங்க. குட்துரவா?"

"வெச்சுக்கோங்க."

அவர் அதைத் திரும்ப ஜேபியில் போட்டுக்கொண்டு, காத்திருப்பதுபோல என்னைப் பார்த்தார். எதற்கு என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கையில் பாரம் இல்லை. வட்டம் போட இடமும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அச்சில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல் கேட்டேன்.

"உயிருடன் உள்ளாரா?"

"கீறாரு" என்றார் கபாலி. இந்தத் தடவை யோசிக்கவில்லை.

அமீனா பீ இரண்டு டீயை எங்கள் நடுவில் வைத்தார். கபாலி கடிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாள்.

"உனுக்கு இன்னும் யாரும் பாரம் போடலியே. எட்றா பேனாவ. உனுக்கு ஒம்பதாவது யாரு?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"எயுதிக்கோ. கபாலி, இஸ்திரி வண்டி, மந்தவெளி. உறவுன்ற எடத்துல இன்னா போடுறதுன்னு நாளப்பின்ன யோசிச்சுக்கலாம்."

எழுதினேன். முகபாவம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தத் தாளில் எங்கும் குறிப்பிடப்படவில்லை.